மாமரத்தைக் காட்டிக்குடுத்த பெட்டி

'தானாய் ஆறுற புண்ணுக்கு மருந்து வேண்டாம்...' எங்கட பெரியய்யா சொல்லுவார் தம்பி. பிறகும் ஏதோ ஒண்டு வரும், மறந்துபோச்சு. நீங்க மேலேயே நிண்டு கறண்ட் கம்பியப் பாருங்கோ, ஏணிய நான் பிடிச்சிருக்கிறன். மறுமொழி சொல்ல வேண்டாம், வாயில ஆணியெல்லோ.

முந்தி என்ன சுகம். கச்சான் காத்து ஒருக்கா ஊதினாக் கறண்ட் போகும், துறைமுகத்தடி முழுக்க இருட்டு. ஆமி எண்டுவினம், இயக்கப் பொடியள் எண்டுவினம், குரங்கு எண்டுவினம். எல்லாரும் கட்டிலுக்குக் கீழ. ஒருத்தராவது என்ட மாமரத்தைச் சொன்னதில்ல.

இப்ப உங்கட கறண்ட் கந்தோரால இந்தப் பெட்டியப் போஸ்ட்டில பூட்டிவிட்டீங்கள். கறண்ட் போகுது, தானாய் வருது, போகுது, வருது... சின்னராசா வீட்டு ரீவியில அழத் தொடங்கினவள் இன்னும் அழுது முடிக்கேல்ல. மூண்டாந்தரமும் சரிவராட்டி பெட்டி என்ன செய்யுது? பழுதான துண்ட மட்டும் கழட்டி விட்டிட்டு, மிச்ச ஊருக்கெல்லாம் மற்றப் பக்கத்தால கறண்ட் குடுக்குது. கடற்கரை வெளிச்சம், கோயிலடி வெளிச்சம். இந்த ரெண்டு போஸ்ட்டுக்கு நடுவில மட்டும் இருட்டு. நடுவில நிக்கிறது என்ன? ஒரேயொரு மாமரம். பெட்டிக்குக் கையிருந்தா விரலை நீட்டியிருக்கும். சோதிக்க வந்த நேவிக்காரனும் டோர்ச்ச மரத்துக்குத்தான் அடிச்சான்.

பக்கத்து வீட்டு ரபீக்காவுக்கு ஐஸ்பழம் வித்துத்தான் சீவியம். நேத்து எல்லாம் உருகி ஓறேஞ்சுத் தண்ணி. 'குலசிங்கம் அண்ணன், உங்கட மரம் சுகமா இருக்கா?' எண்டு கேட்டாள். சிரிச்சுக்கொண்டு கேட்டாள் தம்பி, அதுதான் தாங்கேலாது.

போன வருசம் கொப்பு வெட்ட உங்கட ஆக்கள் வந்தவை. வீட்டுக்காரர் கனடாவில, நான் வெறும் காவல்காரன் எண்டு பொய் சொல்லி அனுப்பினனான். பாவங்கள், ஐயாவைச் சுகம் கேட்டதாச் சொல்லச் சொல்லிப்போட்டுப் போச்சினம். என்ன செய்ய, கறுத்தக்கொழும்பான் மாம்பழமெல்லோ. இந்தக் கொப்பிலதான் காய்க்குது, மற்றதெல்லாம் இலைக்கு நிக்குது.

ஓம் ஓம், கொப்பு கம்பியத் தொட்டுக்கொண்டுதான் இருக்கு, தெரியுது. காத்தடிக்க உரசும். பெட்டி தானாய் ஆத்தும், கொப்புத் திரும்ப உரசும்...

பொறுங்கோ. வந்திட்டுது. 'தானாய் ஆறுற புண்ணுக்கு மருந்து வேண்டாம், சொறியிற கையைக் கட்டு.'

பிள்ளை ரபீக்கா, ஒரு சாக்குக் கொண்டு வாங்கோ. காய் விழப்போகுது, அவ்வளவும் உங்களுக்கு.

தம்பி, கந்தோரில போய்ச் சொல்லுங்கோ. கனடாவில இருந்து வீட்டுக்காரர் வந்திட்டார். கொப்பை வெட்டச் சொல்லிட்டார்.