நான் நின்ற மூலை

அன்று காலை என் கணவர் சட்டையில் பொத்தான் ஒன்றை மாற்றிப் போட்டிருந்தார். கடைக்குப் போய்வரட்டும், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அவர் சாவை விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அதைத் திருத்தச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். நாற்காலி வேண்டாம், இப்போதெல்லாம் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்வதில்லை. நின்றபடியே சொல்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் வயதான எலிகளுக்கு ஞாபகம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. பெரிய தொட்டியில் வெள்ளைச் சாயம் கலந்த தண்ணீர். அதன் அடியில், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சிறு மேடை. சுவரில் ஒட்டிய படங்களை அடையாளம் வைத்து எலி நீந்திப்போய் அதில் ஏற வேண்டும். 'கிழவன்' என்று நாங்கள் கூப்பிடும் எலி தவறாமல் ஏறியது. எல்லோரும் மெச்சினார்கள். பிறகுதான் கவனித்தேன், அது படங்களைப் பார்க்கவே இல்லை. நான் எப்போதும் ஒரே மூலையில் நிற்பேன். என்னை அடையாளம் வைத்துத்தான் வழி பிடித்திருக்கிறது. அன்றே ஒரு திரையைத் தொங்கவிட்டு அதன் பின்னால் நின்றேன். கிழவன் திக்குத் தெரியாமல் சுற்றியது.

வீட்டில் இவருக்கும் மறதி முற்றிக்கொண்டு வந்தது. எலியின் கதையைச் சொன்னபோது சிரித்தார்.

"பாவம், அதப் பெயிலாக்கிட்ட. அடுத்தது நான்தானா?"

"நீங்க முதல்ல செருப்ப சரியான கால்ல போடுங்க."

நாத்தனார் சிரிக்கவில்லை. "அண்ணனுக்கு வீடே தெரியல, அண்ணி. காப்பகத்துல சேத்துடலாம்."

"தினமும் கடைக்குப் போய்ப் பேப்பர் வாங்கிட்டுத் தானா திரும்பி வர்றாரே."

"வாசல்ல நீங்க நிக்கிறீங்க. அதான் வர்றாரு."

அது முள்ளாய்த் தைத்தது. எங்கள் தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்தவை. இவருக்கு வீடு தெரிகிறது என்று காட்டிவிட்டால் யாரும் இவரை என்னிடமிருந்து கொண்டுபோக முடியாது. அதனால் அன்று நான் வாசலில் நிற்கவில்லை. மாடி ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன்.

வந்தார். எங்கள் வாசலைத் தாண்டிப் போனார். திரும்பினார். பக்கத்து வீட்டுக் கதவில் கை வைத்தார், சுட்டதுபோல எடுத்தார், மறுபடி எங்கள் வாசலுக்கே வந்தார்.

"ஏம்மா, எங்க நிக்கிற?" என்று தெருவைக் கேட்டார்.

சோதனையின் நடுவே குரல் கொடுத்தால் எல்லாம் பாழ். கொடுக்கவில்லை.

எதிர்ப்புறம் பஸ்ஸுக்காக ஒருத்தி நீலக் குடையோடு நின்றாள். என்னிடமும் அப்படி ஒன்று உண்டு. அவர் முகம் மலர்ந்தது. சாலையில் இறங்கினார்.

தண்ணீர் லாரியை அவருக்கு முன்பே நான் பார்த்தேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஒரு வார்த்தை போதும். இன்னும் கொஞ்சம் பொறு, திரும்பிவிடுவார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அவர் அதிக நேரம் சுற்றியது எங்கள் வாசலின் முன்னால்தான். மேடையில் ஏறாவிட்டாலும் எலி சரியான இடத்தையே அதிக நேரம் சுற்றினால், எங்கள் ஆய்வுக்கூடக் கணக்கில் அது தேர்ச்சி. நாத்தனாரிடம் இதைச் சொன்னேன், கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்று காலை வேலைக்குப் போனேன். கிழவனை நீரில் விட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் போனேன். இப்போதும் அது நான் நின்ற மூலையைப் பார்த்துத் தலையைத் தூக்கித் தூக்கித்தான் சுற்றுகிறது. நேரம் முடியும்வரை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. திரைக்கு வெளியே வந்து, தண்ணீரில் கையை விட்டு அதைத் தூக்கிவிட்டேன்.