உள்ளேயிருந்து போட்ட லைன்

இல்லண்ணா, ஓட்டையெல்லாம் போடல. ஓட்டைன்னு யார் சொன்னா? முதல்ல உட்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உட்காருங்க. கட்டிடத்துக்கே நெட் பார்க்கிறவர் மாடியேறி வந்து இப்படி மூச்சு வாங்குறீங்களே.

ஆமா, அந்த லைன் எங்க கடையிலேர்ந்துதான் போகுது. மணிக்கணக்கா மூடாம கிடக்குதா? கிடக்கும். நான்தான் போட்டேன். பொய் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. அதுக்காக வந்ததும் வராததுமா வயர்ல கை வைப்பீங்களா? எதைப் பிடுங்குறோம்னு தெரிஞ்சுக்கிட்டுப் பிடுங்குங்க.

உள்ளே என்ன சத்தமா? எம்பிராய்டரி மெஷின். சட்டைப் பாக்கெட்ல கம்பெனி பேர் தைக்கிறது. அங்க யாரும் இல்ல. ஒரு நிமிஷம், இந்தக் கீயைத் தட்டிக்கிறேன்.

ம், சொல்றேன். நானும் எங்க அக்காவும் ஒரு புரோகிராம் எழுதுறோம். டிசைனை எங்கிருந்து அனுப்பினாலும் மெஷின் பாட்டுக்குத் தைக்கணும். இப்ப பென் டிரைவைத் தூக்கிக்கிட்டு நடையா நடக்க வேண்டியிருக்கு. ஆனா புரோகிராம் எழுத உருப்படியா ஒரு லேப்டாப் இல்ல. இருந்த ஒண்ணுல அக்கா மகன் பாலைக் கொட்டிட்டான். இதோ பாருங்க, பாதி ஸ்கிரீன் கறுப்பு. மீதியில ஒரு பிரௌசர் திறக்கும், அவ்வளவுதான். அதனால கிளவுட்ல ஒரு கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்திருக்கோம். பிரௌசர் வழியா அதுக்குள்ள போய் எழுதறதும் அங்கேயே, ஓட்டிப் பார்க்கிறதும் அங்கேயே.

சிக்கல் என்னன்னா, அது எங்கேயோ இருக்கு, மெஷின் இங்க இருக்கு. நடுவுல, வெளியேயிருந்து எதுவும் நெட்ல நுழையாம நீங்க கட்டின சுவர். நல்ல சுவர்ணா, குறை சொல்லல. நானே முட்டிப் பார்த்தேன், தலைதான் வலிச்சுது.

அதுக்கு மேல ஒரு கூத்து. மெஷினோட நெட் நம்பரைக் கொடுத்து, இங்க போய்த் தைன்னு சொன்னா, அப்படி யாருமே இல்லைன்னு பதில் வருது. அக்கா என்னைத் திட்டுறா, நான் மெஷினைத் திட்டுறேன். கடைசியில பார்த்தா, கிளவுட்லயும் அதே நம்பர் வரிசை! ரெண்டு தெருவுலயும் பத்தாம் நம்பர் வீடு இருக்குமில்ல? அது தன் தெருவுலயே சுத்திச் சுத்தித் தேடியிருக்கு. சிரிக்காதீங்க. என்னது, உங்களுக்கும் நடந்திருக்கா? அப்ப சிரிங்க.

அப்புறம்தான் உறைச்சுது. வெளியேயிருந்து உள்ளே கூப்பிடத்தானே விடமாட்டீங்க? உள்ளேயிருந்து வெளியே கூப்பிடலாமில்ல? மெஷின் பக்கத்துல சோப்பு டப்பா அளவுல ஒரு பெட்டி வச்சிருக்கேன். அது கிளவுட் கம்ப்யூட்டருக்குப் போன் போடும். போட்டா வைக்கவே வைக்காது, எங்க சித்தி மாதிரி. அந்த லைன்லயே அந்தப் பக்கத்துலேர்ந்தும் பேசிக்கலாம். கண்டவனும் நுழைய முடியாதுண்ணா. சாவி அந்த ஒரு கம்ப்யூட்டர்கிட்டதான் இருக்கு. அதுக்குத் தெரியறதும் இந்த மெஷினும், மேல இருக்கிற கேமராவும் மட்டும்தான். எங்க கல்லா கம்ப்யூட்டர்கூடத் தெரியாது. வேணும்னா சோதிச்சுப் பாருங்க. இப்ப இல்ல. அப்புறம்.

இந்தக் கீயை ஏன் தட்டிக்கிட்டே இருக்கேனா? கொஞ்ச நேரம் யாரும் எதுவும் எழுதலைன்னா வாடகைக் கம்ப்யூட்டர் தூங்கிடும். அது தூங்கினா லைனும் போச்சு. பிள்ளையைத் தூங்க வைக்கத் தட்டுவாங்க, நான் தூங்கவிடாம தட்டுறேன்.

படிப்பா? விட்டுட்டேன். பிடிக்கல, அவ்வளவுதான். அப்பா ஒரு நிபந்தனை போட்டிருக்கார். இந்தப் புரோகிராமை ஒரு கம்பெனியாவது ஏத்துக்கிட்டா நான் கடையில இருக்கலாம். இல்லைன்னா மறுபடி பள்ளிக்கூடம். அதுவும் என் தங்கச்சி கிளாஸ்ல! இப்பவே அவ, வீட்டுப்பாடம் முடிச்சியாடின்னு என்னை மிரட்டிப் பழகுறா. அக்கா இன்னைக்குப் போயிருக்கிறது அதுக்குத்தான், ஒரு பெரிய யூனிஃபார்ம் கம்பெனிக்கு. என்னோட நல்ல சட்டையை மாட்டிக்கிட்டுப் போயிருக்கா. போனை வாசல்லயே வாங்கி வச்சுக்குவாங்களாம்.

கேட்டீங்களா, மறுபடி ஓடுது. ஆமா, ஆள் இல்லாமதான் ஓடுது. பேயெல்லாம் இல்ல. வாங்க காட்டுறேன். இருங்க, லேப்டாப்பையும் தூக்கிக்கிறேன். வயரை மிதிக்காதீங்க.

இந்தப் பூ, இந்த நட்சத்திரம், இந்தக் கோணல் மீன், எல்லாம் நீங்க வந்தப்புறம் தைச்சது. கம்பெனிக்காரங்க அங்க ஆளாளுக்கு வரைஞ்சு அனுப்பி விளையாடுறாங்க. குனியாதீங்கண்ணா! கேமரா ஓடுது, மீட்டிங் முழுக்க உங்க வழுக்கைதான் தெரியும்.

உஷ். எழுத்து வருது. சிவப்பு நூல். சிவப்புன்னா அக்கா பேசுறா. நீ... நீன்னுதான் வருது. நீ படி, அதானே? சரி, யூனிஃபார்மை எடுத்து இஸ்திரி போட வேண்டியதுதான். யு... நீயும்? நீயும்னா என்னண்ணா? இந்த மெஷினுக்கு இன்னைக்குன்னு பார்த்து ஆமை வேகம். வா. நீயும் வா.

நீயும் வாவாம்! லைன் போட்டது யாருன்னு கேட்டிருப்பாங்க. வேண்டாம்னு சொல்ல யாராவது ரெண்டு பேரைக் கூப்பிடுவாங்களா? பொறுங்க, இன்னும் பிடுங்காதீங்க. கேமராவைப் பார்த்து ஒரு தடவை தலையாட்டிக்கிறேன்.

ஆச்சு. இப்பத் தாராளமா பிடுங்குங்க. ஏன் முறைக்கிறீங்க? ஒரு பொய்யாவது சொன்னேனா? உங்க கை அந்த வயர்கிட்டப் போகக்கூடாதுன்னுதான் இவ்வளவும் பேசினேன். இல்லைன்னா நான் இவ்வளவு பேசுற ஆளே இல்ல. சரி, உங்க வண்டி கீழதானே நிக்குது?