விடைக்கு அடியில் இரட்டைக் கோடு

மேடையில் வீற்றிருக்கும் ஆயர் அவர்களே, நம் சபையின் கல்விக் குழுச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் கண் கலங்கி அமர்ந்திருக்கும் ஐயாவின் துணைவியார் அம்மா அவர்களே, அவர்களின் மூன்று மகள்களே, அன்று மட்டம் போட்டாலும் இன்று தவறாமல் வந்திருக்கும் பழைய மாணவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தக் கணக்கு வாத்தியாரின் வணக்கம்.

நம் லூத்தரன் பள்ளியின் தலைமையாசிரியர் ஐயா போய்விட்டார். அவரைப் புகழ என்னை அழைத்திருக்கிறீர்கள். புகழ்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு ஆண்டுகளாக அந்த மனிதரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது!

ஏன் எரியாது? பணியில் நான் இரண்டு வருடம் மூத்தவன். நாற்காலி அவருக்குப் போனது. அது மட்டுமா? அம்மா ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட் பார்க்கும் நர்ஸ். அதனால் மூன்று பெண்களுக்கும் தலை பின்னிவிட்டுத்தான் ஐயா பள்ளிக்கு வருவார். அவர் திருத்திய விடைத்தாளில் எண்ணெய்க் கறை இருக்கும். கடைசி மணி அடித்ததும் பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டைத் தாண்டிவிடுவார். நானோ இருட்டும் வரை பள்ளியிலேயே கிடந்தேன். என் மகன் எத்தனையாவது படிக்கிறான் என்று யாராவது கேட்டால், என் மனைவியைத் திரும்பிப் பார்ப்பேன். ஆனால் பிள்ளைகள் யாரைச் சுற்றி மொய்த்தார்கள்? அவரைத்தான்!

தோற்ற பிள்ளையின் தாளில் அவர் மார்க் போடமாட்டார். "வந்து பார்" என்று எழுதுவார். பிள்ளை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி எழுதும். அதற்குப் பிறகுதான் மார்க். நம் தகுதியால் அல்ல, தேவ கிருபையால் பிழைக்கிறோம் என்று ஞாயிறுதோறும் கோவிலில் நானும்தான் அறிக்கையிட்டேன். திங்கட்கிழமை வந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டேன். அவருக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றாகவே இருந்தன.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் கல்விக் குழுவுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது, நினைவிருக்கிறதா? மார்க்கை மறைக்கிறார், நேரத்தோடு வீட்டுக்கு ஓடுகிறார் என்று. மூன்று மாதம் விசாரணை. தலைமையாசிரியர் தன் அறைக்கு வெளியே, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்! மகள்கள் அதைப் பார்த்துக்கொண்டே வகுப்புக்குப் போனார்கள்.

அம்மா, அதை எழுதியவன் நான்.

கையெழுத்து தெரியக்கூடாது என்று இடது கையால் எழுதினேன். விசாரணை முடிந்து, குற்றமில்லை என்று தீர்ப்பான அன்று, ஆசிரியர் அறையில் ஐயா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், இடது கையில நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா கடைசி வரிக்கு அடியில ஸ்கேல் வெச்சு ரெட்டைக் கோடு போடாம உங்களால இருக்க முடியலையே!"

விடைக்குப் போடுகிற கோடு! படிக்கிற காலத்திலிருந்தே வந்த பழக்கம், கை தானாகப் போட்டிருக்கிறது.

"அத விடுங்க. பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் நீங்கதான் எடுக்கணும். உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கிடையாது. போன வாரம் அடக்கம் முடிந்ததும் அம்மா என்னிடம் சொன்னார்கள்: "யாரு எழுதினதுன்னு எத்தனையோ தடவ கேட்டுட்டேன் சார். கடைசி வரைக்கும் அவர் வாயே தொறக்கல." கட்டிய மனைவியிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை! அதிலும் என்னைத் தோற்கடித்துவிட்டார். என்னால் அப்படி ஒருநாள் இருந்திருக்க முடியுமா? முடியாது. அதை நினைத்தால் இப்போதும் பொறாமையாக இருக்கிறது.

செயலாளர் அவர்களே, தலைமையாசிரியர் பதவிக்கு நான் கொடுத்த விண்ணப்பம் உங்கள் மேசையில் இருக்கிறது. திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. தோற்ற பிள்ளைகளை என்னிடம் அனுப்புங்கள். பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பேன். அவரைப் போலச் செய்ய எனக்கு வராது. ஆனாலும் செய்வேன். இது இந்தச் சபையின் முன் நான் கொடுக்கும் வாக்கு.

அம்மா, மன்னிப்புக் கேட்கும் தைரியம்கூட எனக்கு இல்லை.

ஐயா! இனி நான் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவேன்?