எப்போதும் எண்பது டிகிரி

கோலா கிளாவாங்கில் மத்தியான மழை பிடித்துக்கொண்டால் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவனுக்கு நல்ல தூக்கம் வரும். தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்தில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. விழாதது போல் படுத்திருக்கலாம். வீரமுத்து தன் பிக்கப்பை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் அப்படியொரு மத்தியானத்தில்தான். விடாமல் ஹார்ன் அடித்தான். நான் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு நனைந்துகொண்டே உள்ளே வந்து, தோளைத் தொட்டு எழுப்பினான். என்னைத் தொட்டு எழுப்புகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் அதற்காக ஒருவனைக் கொல்கிற ஆள் நான் இல்லை, இன்ஸ்பெக்டர்.

தர்மேந்திரன் என்ற என் பெயரும் வயதும் உங்கள் முன்னால் இருக்கும் தாளிலேயே இருக்கும். வீரமுத்துவைப் பற்றிச் சொல்கிறேன். என் தங்கை ரோகினியின் புருஷன். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். முதல் மனைவி செத்துப்போனவன். சிரித்தால் ஈறு வரைக்கும் தெரியும். எதற்கெடுத்தாலும் சிரிப்பான்.

அன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"மச்சான், மீட்டர்ல லைட்டு பளிச் பளிச்சுனு அடிக்குதுலா. மூணாவது கியரைத் தாண்ட மாட்டேங்குது. கொஞ்சம் பார்த்துக் குடுங்க. மாசக் கடைசியில ஜொகூர் போவணும்."

"ஜொகூர்ல என்ன?"

"ரோகினி சொல்லலையா? அங்க பேக்டரியில டிரைவர் வேலை கெடைச்சிருக்கு மச்சான். வீடுகூட பார்த்தாச்சு. அவளுக்கும் பக்கத்துல ஒரு பாலர் பள்ளியில கேட்டு வச்சிருக்கோம்."

ரோகினி சொல்லவில்லை. அன்று காலையில்தான் எனக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்திருந்தாள். சர்க்கரை போதுமா அண்ணே என்று கேட்டாள். ஜொகூரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் அப்பாவும் அம்மாவும் போனபோது அவள் பள்ளிக்கூடத்துச் சீருடை போட்டுக்கொண்டிருந்தாள். தோட்டத்து லய வீட்டை விட்டு அவளை வெளியே கொண்டுவந்தது நான். தாமான் குடியிருப்பில் சொந்த வீடு வாங்கியது நான். எனக்குக் கல்யாணம் இல்லை. வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை, நானாகவே விட்டேன். அவளைப் பெண் கேட்டும் வந்தார்கள். தாயம்மா என்றொரு அம்மாள், கோலா பிலாவிலிருந்து, பையனோடு வந்தாள். நல்ல பையன். ரோகினிக்கு வலிப்பு வரும் என்று அந்த அம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் போன் எடுக்கவில்லை. ரோகினி கொஞ்ச நாள் அழுதாள். அவளுக்கு இது தெரியாது. நீங்களும் சொல்ல வேண்டியதில்லை.

வீரமுத்துவை அப்படித் திருப்பி அனுப்ப முடியவில்லை. அவன் என்னைக் கேட்கவே இல்லை. இரண்டு பேரும் சிரம்பானில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மாலையோடு என் வாசலில் வந்து நின்றார்கள். "அண்ணே, கோவிச்சுக்காதே" என்றாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளே வரச் சொன்னேன். சொந்த வீடு அமையும்வரை இங்கேயே இருங்கள் என்றேன். அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள்.

வண்டிக்கு வருவோம்.

ஆட்டோ கியர் வண்டியில் கியர் பெட்டிக்குள் எண்ணெய் ஓடும். அந்த எண்ணெயின் சூட்டைப் பார்க்க உள்ளே ஒரு சின்ன சென்சார் இருக்கும். சுண்டுவிரல் நுனி அளவுதான். எண்ணெய் ரொம்பச் சூடாகிவிட்டது என்று அது சொன்னால், வண்டியின் கம்ப்யூட்டர் பயந்துபோய் ஒரே கியரில் பூட்டிக்கொள்ளும். லைட்டு அடிக்கும். கேள்வி என்னவென்றால், எண்ணெய் நிஜமாகவே சூடா, அல்லது சென்சார் பொய் சொல்கிறதா. பாதிப் பேர் இதைப் பார்க்காமலேயே கியர் பெட்டியை இறக்கிவிடுவார்கள்.

பார்ப்பது சுலபம். வண்டியை இரவு முழுக்க ஆறவிட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரைச் செருக வேண்டும். ஆறிய வண்டியில் என்ஜின் தண்ணீரும் கியர் எண்ணெயும் வெளிக்காற்றும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். மறுநாள் காலை நான் செருகிப் பார்த்தபோது என்ஜின் இருபத்தைந்து என்றது. கியர் எண்ணெய் நூற்று நாற்பது என்றது. ஆளே தொடாத வண்டி. சென்சார் பொய் சொல்கிறது. வயரையும் அசைத்துப் பார்த்தேன், மீட்டர் வைத்தும் பார்த்தேன். வயர் நன்றாக இருந்தது. சிரம்பானிலிருந்து புது சென்சார் வரவழைத்து, எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி மாட்டினேன்.

மாட்டினதோடு வண்டியைக் கொடுத்துவிடுவது என் பழக்கமில்லை. ஜொகூர் போகத் தாண்ட வேண்டிய புக்கிட் தங்கா மலை மேல் ஏற்றிப் பார்த்தேன். வெறும் வண்டிதான், பின்னால் சாமான் இல்லை. பாதி வளைவு தாண்டுவதற்குள் எண்ணெய்ச் சூடு நூற்று இருபதைத் தொட்டுவிட்டது. இந்தத் தடவை சொன்னது புது சென்சார். இறங்கிக் கீழே குனிந்து பார்த்தேன். எண்ணெயை ஆறவைக்கும் குழாய் ஒரு இடத்தில் நசுங்கியிருந்தது. தோட்டத்து மண் சாலையில் கல் அடித்திருக்கும். பழைய சென்சார் பொய்யன்தான். ஆனால் அவன் சொன்ன விஷயத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது.

குழாயை மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான் மலை மேல் வண்டியை நிறுத்தி, ஒரு சிகரெட் பிடித்தேன். கீழே கோலா கிளாவாங் முழுக்கத் தெரிந்தது. பிறகு ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி வந்து, புது சென்சாரின் வயரைக் கழற்றினேன். அதற்குப் பதில் ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்து டேப் சுற்றினேன். அதை வைத்தால் கம்ப்யூட்டருக்கு எண்ணெய் எப்போதும் எண்பது டிகிரிதான். கொதித்தாலும் எண்பது. லைட்டு அடிக்காது.

எரிந்த வண்டியில் அதை உங்கள் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றீர்கள். நல்ல வேலைக்காரர்கள்.

வீரமுத்து வந்தபோது, "சென்சார் கெட்டுப்போச்சு, மாத்திட்டேன்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. எதை வைத்து மாற்றினேன் என்று அவன் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாட்டி யாருகிட்ட போவேன் மச்சான்" என்றான். அவன் உள்ளங்கை எப்போதும் ஈரமாக இருக்கும். அவன் போனதும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

என் எண்ணம் இதுதான். சாமான் ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது கியர் வழுக்கும். வண்டி நின்றுவிடும். ரோகினி எனக்குப் போன் செய்வாள். சின்ன வயதிலிருந்து எது நின்றுபோனாலும், சைக்கிளோ மோட்டாரோ, எனக்குத்தான் போன் செய்வாள். நான் என் இழுவை லோரியைக் கொண்டுபோய்க் கட்டி இழுத்து வருவேன். அலமாரியும் வாஷிங் மெஷினும் பழைய இடத்துக்கே வரும். ஒரு வண்டியைக்கூட மலை ஏற்றத் தெரியாதவனை நம்பி ஊர் விட்டுப் போவதா என்று அவளே யோசிப்பாள். இதில் யாருக்கு என்ன கெடுதல்?

கிளம்புவதற்கு முதல் நாள் ரோகினி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். டயர் காற்றுப் பார்க்கச் சொல்லி வீரமுத்து மறுபடி கொண்டுவந்து விட்டிருந்த பிக்கப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, வண்டி ஓகேதானே? இவ்வளவு சாமானோட மலை ஏறுமா?"

"ஏறும்."

"இல்ல, எதாச்சும் இருந்தா சொல்லிடு. ஒரு வாரம் தள்ளிப் போட்டுக்கலாம். அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

ஒரு வாரம். அவள் எனக்குக் கொடுக்கத் தயாராக இருந்தது ஒரு வாரம்.

"ஒண்ணும் இல்ல. நல்லா ஓடும்" என்றேன்.

"மாசம் ஒரு தடவை வந்து உன்னைப் பார்த்துட்டுப் போவேன், சரியா?" என்று சொல்லிவிட்டுச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்தாள். நெத்திலி சம்பல். நான் சாப்பிடுவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகு மறுபடி பிக்கப்புக்குக் கீழே படுத்தேன்.

நீங்கள் அந்தக் குழாயையும் எடுத்து வைத்திருக்கிறீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். கல் அடித்து அது கொஞ்சம்தான் நசுங்கியிருந்தது. மிச்சத்தை அன்றைக்குக் குறடு வைத்து நான் நசுக்கினேன். அளவுக்கு மேல் எண்ணெயும் ஊற்றினேன். வண்டியை நிறுத்துவது மட்டும்தான் நோக்கம் என்றால் எண்ணெய் எதற்கு என்று கேட்பீர்கள். மேலே நிரம்பிய எண்ணெய் கொதித்தால் பொங்கி வெளியே வரும். வெளியே வந்தால் புகைக்குழாய் மேல் விழும். புகைக்குழாய் நெருப்பு மாதிரி இருக்கும். இது எனக்குத் தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். தெரியும்.

கிளம்பும் நாள் காலை வெயில் நன்றாக இருந்தது. அவர்கள் கிளம்புவதற்கு முன்பே நான் இழுவை லோரியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டேன். ஒரு வளைவில், டுரியான் கடை போடும் இடத்தில், ஓரமாக நிறுத்தி உட்கார்ந்தேன். போனை மடியில் வைத்திருந்தேன்.

பிக்கப் வந்தது. எனக்குக் கொஞ்சம் கீழேயே வேகம் குறைந்து, அடியில் வெள்ளைப் புகையோடு ஓரம் கட்டி நின்றது. முதலில் அவன்தான் இறங்கினான். சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்து, அவளைத் தூரமாகப் புல் மேல் போய் நிற்கச் சொன்னான். அவள் போய் நின்றாள். கையில் போன் இருந்தது. நான் என் போனைப் பார்த்தேன். வண்டிக்கு அடியில் சின்னதாகத் தீ பிடித்திருந்தது. அவன் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு அங்கே குனிந்தான். எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. லோரி ஓட்டுகிறவனுக்கு அது தெரியாமல் இருப்பது ஆச்சரியம்தான். நான் கண்ணாடியை இறக்கிக் கத்தியிருந்தால் கேட்கும் தூரம்.

குப்பென்று தீ எழுந்தது. அவன் சட்டை முழுக்கப் பிடித்துக்கொண்டது. ரோகினி போனைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். அவனை இழுத்தாள், வெறும் கையால் தீயை அணைத்தாள். அவள் கத்தியது அவன் பெயரை. அந்தச் சத்தத்தில் மற்ற வண்டிகள் நின்றன, ஆட்கள் இறங்கி ஓடினார்கள், யாரோ தீயணைக்கும் போம்பாவைக் கூப்பிட்டார்கள்.

என் லோரியில் தீயணைப்புச் சிலிண்டர் இருந்தது. சீட்டுக்குப் பின்னால். ஆமாம், நிரப்பி வைத்ததுதான். நான் அதை எடுக்கவில்லை. அவள் எனக்குப் போன் செய்யவில்லை, இன்ஸ்பெக்டர். புல் மேல் நின்றபோது அவளுக்கு நேரம் இருந்தது. போன் கையிலேயே இருந்தது. அவள் கூப்பிட்டிருந்தால் நான் அந்த நிமிஷமே இறங்கியிருப்பேன்.

ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். நேராக என் லோரியைப் பார்த்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவன் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

என்னைப் பற்றி முதலில் சொன்னது ரோகினிதான் என்கிறீர்கள். வளைவில் அண்ணன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், இறங்கவே இல்லை என்று சொன்னாளாம். என் முகத்தில் இனி விழிக்க மாட்டேன் என்றாளாம். வலிக்குக் கொடுக்கிற ஊசியில் ஆள் என்னென்னவோ பேசும். நீங்கள் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊரில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அவள் கை ஆறுவதற்கு மாதக்கணக்காகும் என்கிறார்கள். சோறு ஊட்ட வேண்டும், தலை வாரிவிட வேண்டும். சின்ன வயதில் நான் செய்ததுதான்.

நீங்கள் என்னைக் கூட்டிவர வந்தபோது நான் அவள் அறையைத்தான் சரி செய்துகொண்டிருந்தேன். அவன் சட்டைகளை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டேன். சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடித்தாயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கதவின் உள்பக்கம் அவள் ஒரு தாழ்ப்பாள் போட்டிருந்தாள். அதை மட்டும் கழற்றி எறிந்துவிட்டேன். கை வெந்த பெண்ணுக்கு அதைப் போடவும் எடுக்கவும் சிரமமாக இருக்கும்.