இரண்டு தட்டினால் அணைக்க வேண்டும்

இரவு ஒரு மணி. கல்குவாரியை ஒட்டிய சாலை. விளக்குக் கம்பம் இருக்கும், விளக்கு எரியாது. என் நண்பனின் மச்சான் சரக்கு வேனில் தனியாக வந்துகொண்டிருந்தார்...

“எப்பப் பாரு ஃப்ரெண்டோட மச்சானுக்குத்தான் நடக்குது. உனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் நடக்க மாட்டேங்குது?” என்று கதை கேட்கும் கூட்டத்தில் ஒரு குரல்.

நடக்கட்டும், சொல்கிறேன். முதலில் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்.

முன்பு அந்த வேனை மச்சானும் அவருடைய தம்பியுமாக ஓட்டினார்கள். ரிப்பேர் வேலை தம்பியுடையது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஸ்பேனரால் தட்டுவான். ஒரு தட்டு என்றால் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இரண்டு தட்டினால் அணைக்க வேண்டும். மேலே டிரைவர் சீட்டில் அண்ணன். ஓர் இரவு, இதே சாலையில், வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்த ஜாக் நழுவியது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் சீட்டில் தூங்கிப் போயிருந்தார்...

அதற்குப் பிறகு அவர் வேனில் ஜாக் வைப்பதில்லை. பஞ்சர் ஆனால் இரவல்தான்.

தம்பி போன அந்த இடத்தில்தான் இப்போது எஞ்சினுக்குள் டொக்... டொக்... என்றது. கருகிய ஆயில் வாடை. ஊர்ந்து ஊர்ந்து ஒர்க்‌ஷாப் வந்து சேர்ந்தார்.

“பேரிங் போச்சு. கிராங்கும் அடி வாங்கியிருக்கு,” என்றார் மெக்கானிக். “இதைப் பிரிச்சுக் கட்டுற செலவுக்கு வேற எஞ்சினே போட்டுடலாம்.”

“வேணாம்ணே. தம்பி கையால பூட்டுனது. இதையே கட்டிக் கொடுங்க.”

மெக்கானிக் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்டார். போதும் என்று கையைக் காட்டினார். மச்சான் எஞ்சினை அணைத்தார்.

மெக்கானிக் காதை எடுக்கவில்லை.

“இன்னும் தட்டுதேப்பா...” என்றார். “ரெண்டு ரெண்டா.”

மச்சான் ஸ்க்ரூடிரைவரை வாங்கித் தானும் கேட்டார். வெகுநேரம். பிறகு அதைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

“மாத்திடுங்கண்ணே.”

பழைய எஞ்சின் இரும்புக் கடைக்குப் போனது. ஏற்றும்போது அவர் அங்கே நிற்கவில்லை.

வேறு எஞ்சின். அதே சாலை, அதே ஒரு மணி. வண்டி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அந்த இடம் வந்தது... ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஓரம் கட்டி அணைத்தார். கண்ணாடியை இறக்கினார். கல்தூசி வாடை.

“டேய்...” என்றார். “தூங்கலடா. முழிச்சுத்தான் இருக்கேன்.”

சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தட்டு. ஒன்றே ஒன்று.

சாவியைத் திருப்பினார். கியர் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தார். எஞ்சின் உறுமியது. வண்டி நகரவில்லை. தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

கீழே, கிரீச்... கிரீச்... என்று ஜாக் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.