ஒரு கிளாஸ் தண்ணீரும் ஒரு குளிசையும்

இந்த நாட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் கால்சியம் எடுக்காமல் இருக்கக் கூடாது. வெயில் இல்லை, எலும்பு உக்கிப்போகும். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து கிடக்கும் கிழவிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் நானும் தொடங்கினேன். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரைகிற வெள்ளைக் குளிசை. எலுமிச்சைபோலத் தேசிக்காய் மணம் இலேசாக வரும். இந்த வைலே நகரத்தில் எந்தக் கடையிலும் வாங்கலாம், வைத்தியர் எழுதித் தரும் துண்டு தேவையில்லை.

தம்பி, இதையும் அந்தப் பொலிஸ்காரருக்கு அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். தேவையில்லாத கதை என்று நினைக்க வேண்டாம். எனக்கு டேனிஷ் நன்றாக வரும். ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டது நான்தான். எங்கள் ஆட்களில் ஒருவராவது பக்கத்தில் இருந்து கேட்டால் என் நிலைமை விளங்கும்.

என் பெயர் செல்வமலர். கணவர் ஆனந்தராஜா. எங்களுக்கு மேனுஜா என்று ஒரே மகள். கணவர் குடிப்பார். ஊரில் குடித்ததில்லை, இங்கே வந்துதான் பழகினார். தொழிற்சாலை வேலை போனது, நண்பர்கள் போனார்கள், கடைசியில் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாத நிலை வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வாந்தி துடைத்தேன். பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டங்களுக்குத் தனியாகப் போனேன். கோயிலில் சனம் எனக்கு மரியாதையாக இடம் விட்டு ஒதுங்கும். "இந்தப் பிள்ளையின்ரை பொறுமைக்கு ஒரு கோயில் கட்டவேணும்" என்று ஒரு அக்கா எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேனுஜா இரவில் என் பக்கத்தில்தான் படுப்பாள். என் கையைப் பிடித்தால்தான் அவளுக்கு நித்திரை வரும்.

பிறகு கொம்யூனில், அதுதான் நகரசபையில், அவருக்கு வைத்தியம் கிடைத்தது. குடிக்கு எதிரான குளிசை. அதுவும் தண்ணீரில் கரைகிறதுதான், அதுவும் வெள்ளைதான். அது உடம்பில் இருக்கும்போது ஒரு வாய் மது போனாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டும். அவர் ஒருமுறை குடித்துப் பார்த்து அம்புலன்ஸில் போனார். அதற்குப் பிறகு போத்தலைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல விலகுவார். அவர் குளிசை குடிப்பதை வீட்டில் ஒருவர் தினமும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தாதி சொன்னாள். "நான் பாக்கிறன்" என்றேன். வேறு யார் பார்ப்பது?

கொம்யூன்தான் அவருக்கு வேலையும் பிடித்துக் கொடுத்தது. திராட்சைத் தோட்டத்தில். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தத் தோட்டம் வைலே குடாக்கடலைப் பார்த்த சரிவில் இருக்கிறது. உரிமையாளர் றோஸ், அவுஸ்திரேலியாக்காரி. அவுஸ்திரேலியா என்றால் எங்களுக்கு வெயிலும் சிட்னியில் இருக்கிற சொந்தக்காரரும்தானே ஞாபகம் வரும். றோஸ் பிறந்த இடம் அப்படியில்லை. தெற்குத் தொங்கலில் தஸ்மேனியா என்று ஒரு தீவு, குளிரும் காற்றும். அங்கே அவருடைய குடும்பத்துக்குத் தகப்பன் காலத்திலிருந்தே திராட்சைத் தோட்டம். ஒரு டேனிஷ்காரரைக் கட்டி இங்கே வந்து, அவரும் இறந்த பிறகு, இந்தச் சரிவில் கொடி நட்டார். குளிரில் மெதுவாகப் பழுக்கிற பழத்துக்குத்தான் குணம் உண்டு என்பார். வயது எழுபதை நெருங்கிவிட்டது. நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிடாதீர்கள், நான் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை.

"வைன் கிடக்கிறது நிலவறையிலை, அது பூட்டிக் கிடக்கும். உனக்கு வேலை வெளியிலை" என்று முதல் நாளே றோஸ் இவரிடம் சொல்லிவிட்டாராம். இவருக்கு மாசி மாதத்துக் குளிரில் கொடி வெட்டுகிற வேலை. ஒரு கொடியில் இரண்டு கிளையை விட்டுவிட்டு மற்றதெல்லாவற்றையும் வெட்டி எறிய வேண்டும். எதை விடுவது என்பதில்தான் அந்த வருடத்துப் பழம் இருக்கிறது. முதலில் கை நடுங்கியது. பங்குனி முடியும்போது நடுக்கம் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தாலும் சாப்பாட்டு மேசையில் இரண்டு விரலைக் கத்தரிக்கோல்போல அசைத்துக்கொண்டு இருப்பார். வைகாசியில் பனி விழுந்தால் தளிர் கருகிவிடும் என்று பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததுபோலக் கவலைப்படுவார். பழம் பழுக்கிற காலத்தில் பறவைகளுக்குப் பயந்து வலை போடுவார்கள். அந்த வலைக்குள் நின்று அவர் சிரிக்கிற படம் ஒன்று மேனுஜாவின் போனில் இருக்கிறது.

முதல் வருடம் நான் உண்மையாகவே சந்தோசப்பட்டேன். அதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

காலையில் குளிசைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வெறும் கிளாஸை என் கையில் தந்து, "மலர், என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்பார். ஒவ்வொரு நாளும் சொல்வார். நான் கிளாஸை வாங்கிக் கழுவுவேன். அதுதான் எனக்கு அந்த நாளின் தொடக்கம். ஒருநாள் குடித்துவிட்டு, "றோஸ் காத்துக்கொண்டு நிப்பா, வாறன்" என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் கிளாஸோடு நின்றேன். மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த நாளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை.

மேனுஜா சனி ஞாயிறுகளில் தோட்டத்துக்குப் போகத் தொடங்கினாள். தகப்பனும் மகளும் டேனிஷில் கதைத்துச் சிரித்துக்கொண்டு வருவார்கள். நான் என்ன கதை என்று கேட்டால், "ஒண்டுமில்லை அம்மா" என்பாள். கோயிலில் ஆண்கள் அவரைச் சுற்றி நின்று, "அண்ணை, உங்கடை வைன் எப்ப வரும்?" என்று பகிடி பண்ணுவார்கள். பொறுமைக்குக் கோயில் கட்டச் சொன்ன அந்த அக்கா என்னைப் பார்த்து, "உமக்கு இப்ப என்ன குறை, மலர்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் வீடு வந்து சேரும்வரை அந்த ஒரு வார்த்தையைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரு குறையும் இல்லையென்றால் நான் யார்?

இரண்டாம் வருடம் ஆவணி மாதம் அவர் தஸ்மேனியாக் கதையோடு வந்தார். றோஸின் தமையனுக்கு வயதாகிவிட்டது, கொடி வெட்டுகிறவர்களை நடத்த நம்பிக்கையான ஒரு ஆள் வேண்டும். "அங்கை ஆடி மாதந்தான் குளிராம், மலர். இஞ்சை மாசியிலை வெட்டிப்போட்டு அங்கை ஆடியிலை வெட்டலாம். பிடிச்சால் அங்கையே இருந்திடுவம். மேனுவும் படிப்பு முடிச்சிட்டு வாறாளாம். நீரும் வாரும். அங்கை ஒருத்தருக்கும் எங்களைத் தெரியாது, புதுசாத் தொடங்குவம்."

அவர் அதை ஒரு நல்ல விசயமாகத்தான் சொன்னார். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள், தம்பி. அங்கே ஒருவருக்கும் என்னைத் தெரியாது. நான் பட்ட பாடு தெரியாது. அங்கே அவர் கொடி வெட்டத் தெரிந்த ஒரு நல்ல மனிதர், நான் அவருடைய மனுசி. என் அரைவாசி ஆயுளை ஒருவரும் காணாத இடத்துக்குக் கொண்டுபோய்ப் புதைக்கச் சொல்கிறார். மேனுஜாவும் அவரும் ஏற்கனவே கதைத்து முடிவெடுத்துவிட்டார்கள், எனக்குத்தான் கடைசியாகச் சொன்னார்கள். அன்று நான் அழுதேன். அவர் சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவினார்.

அடுத்த நாள் காலையில் என்னுடைய குளிசையை அவருடைய கிளாஸில் போட்டேன்.

குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "தேசிக்காய் மாதிரிக் கிடக்கு."

"நான்தான் ஒரு துளி பிழிஞ்சனான். வாய்க்கு நல்லா இருக்கட்டும் எண்டு."

"நீர் இல்லாட்டி நான் என்ன செய்வன்" என்றார்.

பழைய மருந்து உடம்பை விட்டுப் போக இரண்டு கிழமை, பதினாலு நாளாவது எடுக்கும். அது என் தொழிலில் தெரிந்த விசயம். அதற்கு முன்னால் மது உள்ளே போனால் அவருடைய உயிருக்கே ஆபத்து. அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன். அதையும் எழுதச் சொல்லுங்கள்.

ஐப்பசியில் அறுவடை விருந்து. வலைகளைச் சுருட்டி வைத்துவிட்டு, கொடிகளின் நடுவில் நீளமாக மேசை போட்டிருந்தார்கள். குடாக்கடலில் இருந்து குளிர்காற்று வந்தது, ஆனால் நல்ல வெயில். முந்திய வருடத்து வைனை றோஸ் எல்லோருக்கும் ஊற்றினார். இவர் கொடி வெட்டிய முதல் வருடத்துப் பழத்தில் செய்தது. இவருக்கு மட்டும் அப்பிள் சாறு. றோஸ் அதில் மிகவும் கண்டிப்பு, தன் கையாலேயே ஊற்றி அவர் முன்னால் வைத்தார். வைனும் அப்பிள் சாறும் ஒரே பொன் நிறம். றோஸ் பேசுவதற்காக எழுந்தார், எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நான் என் கிளாஸையும் அவருடைய கிளாஸையும் மாற்றி வைத்தேன். அவ்வளவுதான், ஒரு கையசைவு. பாத்திரம் அடுக்கும்போது நாங்கள் எத்தனை தரம் செய்கிறோம்.

றோஸ் அவருடைய பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் வெட்கப்பட்டுக் கிளாஸை எடுத்து ஒரே மிடறாகக் குடித்தார். பிறகு அப்படியே இருந்துவிட்டார்.

"மலர், நான் பிழையாக் குடிச்சிட்டன்." முகம் வெளிறிவிட்டது. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "அம்புலன்ஸுக்குச் சொல்லும்."

"பொறுங்கோ, பாப்பம்" என்றேன்.

அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சாவை எதிர்பார்த்து இருந்தார். நானும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். சுற்றிவரச் சனம் சாப்பிட்டது, சிரித்தது. மேனுஜா தூரத்தில் நின்று எங்களுக்குக் கை காட்டினாள். மூச்சு முட்டவில்லை. முகம் சிவக்கவில்லை. அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஒண்டும் செய்யேல்லை, மலர்" என்றார். "எனக்குக் குடி நோய் மாறிட்டுது போலை."

அப்போது அவர் சிரித்த சிரிப்பு, சின்னப் பிள்ளை சிரிக்கிற சிரிப்பு. அதை நான் இப்போதும் மறக்கவில்லை. நான் ஒன்றும் கல் இல்லை.

பிறகு நடந்தது உங்களுக்கே விளங்கும். ஒரு கிழமைக்குள் வீட்டில் ஒரு போத்தல். தாதிக்கும் மேனுஜாவுக்கும் சொல்ல வேண்டாம் என்று என் காலில் விழாத குறையாகக் கேட்டார். நான் சொல்லவில்லை. கணவன் நம்பிச் சொன்னதை வெளியில் சொல்கிறவள் நான் இல்லை. காலையில் தவறாமல் என்னிடம் கிளாஸை வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். கார்த்திகை வரும்போது அவர் பழைய ஆள். றோஸ் தமையனுக்கு எழுதி, பயணத்தை நிறுத்தினார். மேனுஜா வந்து பார்த்தாள். "அப்பா சத்தியம் பண்ணினவர்" என்று டேனிஷில் ஒரு தரம் சொன்னாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். கோயில் அக்கா புட்டும் கறியும் கட்டிக்கொண்டு வந்தார். "உம்மடை தலையெழுத்து, பிள்ளை" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தை மாதம், வேலை இல்லாத ஒரு நாளில், குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். கொடிகளுக்கு நடுவில் பனியில் விழுந்து கிடந்தவரைக் காலையில் றோஸ்தான் கண்டார். கையில் கத்தரிக்கோல் இருந்ததாம். நின்ற இதயத்தை அம்புலன்ஸில் திரும்ப ஓட வைத்துவிட்டார்கள். மூளை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. என்னைத் தெரியும். மகளைச் சில நாள் தெரியும்.

றோஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். சோபாவில் இருந்து விம்மி விம்மி அழுதார். குடியை விட்ட மனிதனைத் தான்தான் வைனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இருத்தியதாம். மேசையில் அந்தக் கிளாஸை வைத்தது தன்னுடைய கைதானாம். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, உங்களை நான் மன்னிக்கிறேன் என்று டேனிஷில் தெளிவாகச் சொன்னேன். றோஸ் என் கையில் முத்தமிட்டார்.

போன கிழமை தொடக்கம் றோஸ் கொடிகளைப் பிடுங்குகிறார். இயந்திரம் வந்திருக்கிறது. நான் இவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுபோனேன். அரைவாசிச் சரிவு வெறும் மண். வேரோடு குவித்திருந்த கொடிகளைப் பார்த்துக்கொண்டு இவர் இரண்டு விரலை அசைத்தார். "இது ஆரின்ரை தோட்டம்?" என்று கேட்டார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. அதுதான் நானாகவே இங்கே வந்தேன். கொடிகளில் ஒரு பிழையும் இல்லை. மிச்சத்தைப் பிடுங்க வேண்டாம் என்று அந்த மனுசியிடம் சொல்லிவிடுங்கள். குளிசையை மாற்றியது நான். கிளாஸை மாற்றியதும் நான்.

மேனுஜாவுக்குச் சொல்லத்தான் வேண்டுமா? அவள் இப்போது தலைநகருக்குப் பக்கத்தில் ஹ்விடோவ்ரேயில் இருக்கிறாள், தினமும் எனக்குப் போன் எடுப்பாள். தகப்பனோடு கதைக்கமாட்டாள். பிள்ளையிடம் எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் போன்தான்.

இன்னும் அதிகம் இருக்கிறதா, தம்பி? அவருக்குப் பகல் சாப்பாடு வாயில் தீத்த வேண்டும். வேறு ஒருவர் கையால் வாங்கமாட்டார். தஸ்மேனியாவுக்கு எப்ப வெளிக்கிடுறம் என்று கேட்பார், நாளைக்கு என்பேன். அது போதும் அவருக்கு. காலையில் எங்கள் இருவருக்கும் கால்சியம் கரைக்கிறேன். குடித்துவிட்டு, "தேசிக்காய் விட்டனீரோ?" என்பார். ஓம் என்பேன். பிறகு வெறும் கிளாஸை என் கையில் தந்து, முன்னைப்போலவே, "மலர், என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்கிறார். எதற்கென்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் நான் ஒவ்வொரு நாளும் அவரை மன்னித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.