தலை வெளிறிய புழு

பூச்சி ஆராய்ச்சியாளன் என்றதும் எல்லோரும் தங்கள் வீட்டுக் கரப்பான்பூச்சிக்கு என்னிடம் வழி கேட்கிறார்கள். எனக்கு அது தெரியாது. எங்கள் வீட்டில் கரப்பான் வந்தால் நான் நாற்காலி மேல் காலைத் தூக்கிக்கொள்வேன். மனைவிதான் விளக்குமாற்றை எடுப்பாள். நான் படித்ததெல்லாம் மண்ணுக்குள் கிடக்கும் ஒரே ஒரு புழுவைத்தான். கரும்பின் வேரைத் தின்னும் வேர்ப்புழு.

நீங்கள் பொறுமையாகக் கேட்பதால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், இந்தப் புழு விழுந்த தோட்டத்தில் கரும்பைப் பிடித்து இழுத்தால் தூரோடு கையில் வந்துவிடும். அடியில் வேரே இருக்காது. விவசாயிகள் விஷ மருந்தை மண்ணில் கொட்டிப் பார்த்தார்கள். மண்புழு செத்தது, இது சாகவில்லை. என் இளமையைக் கொடுத்து, இந்தப் புழுவின் உடம்பில் முளைத்து அதைக் கொல்லும் பூஞ்சை ஒன்றைக் கண்டுபிடித்தேன். பொடியாக்கி எருவோடு கலந்து போட்டால் போதும். வேறு எந்த உயிருக்கும் தீங்கில்லை. சில வருடங்களில் சுற்றுவட்டாரத்தில் வேர்ப்புழுவே இல்லாமல் போனது. என்னை மேடையில் ஏற்றிக் கை தட்டினார்கள்.

பிறகு நான் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தை மூடப்போவதாகச் சொன்னார்கள்.

இயக்குநர் நல்ல மனிதர். உட்காரவைத்துத்தான் சொன்னார். "நீங்க வேலையைச் சரியா முடிச்சிட்டீங்க. இல்லாத புழுவுக்கு எதுக்கு ஒரு கட்டடம்? வளர்ப்பு அறையைக் காலி பண்ணிடுங்க."

அந்த அறையில் அடுக்கடுக்காக மண் தட்டுகள். ஒவ்வொன்றிலும் கேரட் துண்டைக் கடித்தபடி சுருண்டு கிடக்கும் புழுக்கள். காலையில் மின்விசிறியைப் போடும் முன் காதை வைத்தால் அவை மெல்லும் சத்தம் கேட்கும். எல்லாவற்றின் மேலும் வெந்நீரை ஊற்றிவிட வேண்டும் என்பது உத்தரவு. பாதித் தட்டுகளில் ஊற்றினேன். மீதிக்குக் கை வரவில்லை. அவற்றை மண்ணோடு வாளிகளில் அள்ளிக்கொண்டு தங்கையின் கரும்புத் தோட்டத்துக்குப் போனேன்.

ஏன் தங்கை தோட்டம் என்பீர்கள். மணல் கலந்த மண், புழுவுக்குத் தோதானது. அதோடு, அண்ணன்காரன் குனிந்து மண்ணைக் கிளறினால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. வேலை முடிந்ததும் தங்கை சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டேன்.

கரும்பு மஞ்சளடித்ததும் அவள் கணவர் போன் செய்தார். "மச்சான், உங்க பழைய ஆளு திரும்பி வந்துட்டான் போல. ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

நிலையத்தை மூடும் உத்தரவு நின்றுபோனது. இயக்குநரே என் கையைப் பிடித்து நல்லவேளை என்றார். எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. தங்கை தோட்டம் முழுக்கப் பொடியைப் போட்டோம். புழுக்கள் சாகவில்லை. அடுத்த மழைக்கு வண்டாகிப் பறந்து அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் முட்டையிட்டன. அதன்பிறகு என்னாலேயே ஒன்றும் செய்ய முடியவில்லை. மண்ணுக்குள் போனதைத் திரும்ப அழைக்க முடியாது.

"உங்க பொடி வேலைக்காகலை மச்சான். அந்தப் பழைய மருந்தையே ஊத்திப் பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

"கையுறை போட்டுக்கோங்க மாப்பிள்ளை" என்றேன். சொல்லாமல் விடவில்லை.

அவர் போட்டுக்கொள்ளவில்லை. நல்ல வெயிலில், வெறுங்கையால் கலக்கி ஊற்றிக்கொண்டே போய், கரும்புக்கு நடுவில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீயும் எங்களுக்காக எவ்வளவோ பாடுபட்டே அண்ணா" என்றாள். எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோது, அவர் விழுந்த இடத்தில் மண்ணைத் தோண்டிப் பார்த்தேன். புழுக்கள் ஆரோக்கியமாக இருந்தன.

என்னிடம் வேலை பார்த்த பெண் கெட்டிக்காரி. தோட்டத்துப் புழுவை லென்ஸில் பார்த்துவிட்டு வந்து நின்றாள். "சார், வயல் புழுவுக்குத் தலை பழுப்பா இருக்கும். இது வெளிறிக் கிடக்கு. இது நம்ம ரூம் புழு சார். எப்படியாவது தப்பிச்சுப் போயிருக்குமா?"

"அந்த அறையைக் கடைசியா பூட்டினது நீதானேம்மா?" என்றேன்.

அவள் அழுதுகொண்டே போனாள். நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை.

பொடிக்கு அவை சாகாது என்று எனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். என் பூஞ்சைக்குத் தப்பியவற்றையே பொறுக்கிப் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாக அந்த அறைக்குள் வளர்த்தவன் நான். தலை வெளிறியது அதனால்தான். சாகக்கூடிய சாதாரணப் புழுக்களும் அங்கே இருந்தன. வெந்நீர் ஊற்றியது அவற்றின் மேல். பொடி போட்டதும் சாகிற புழுவுக்காக யாரும் ஒரு நிலையத்தைத் திறந்து வைத்திருக்க மாட்டார்கள், ஐயா. எனக்கு வேறு தொழில் எதுவும் தெரியாது.

இவற்றைக் கொல்லவும் எங்கோ ஒரு பூஞ்சை இருக்கத்தான் செய்யும். என்னைத் தவிர யாரும் தேடப்போவதில்லை. நீங்கள் அனுமதித்தால் தங்கை தோட்டத்திலேயே சோதனையைத் தொடங்கிவிடலாம். எனக்கு அவள் எதையும் மறுத்ததில்லை. அவளிடம் இன்னும் ஒன்றும் சொல்லிவிடவில்லையே?